1500 சொல் என்று விதி வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக எழுத வருகிறவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த யோசனைகளைப் படித்தேன். தலைப்பு வைப்பது, படம் சேர்ப்பது, பிழை பார்ப்பது பற்றியெல்லாம் பயனுள்ளதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது. இணையத்தில் கவனம் பெற வேண்டுமானால் கட்டுரை குறைந்தது 1500 சொற்களாவது இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பிறர் எழுதியதைச் செப்பனிட்டுத் தருவது என் தொழில். முன்பு அச்சுக்குப் போகிறவற்றுக்குச் செய்தேன், இப்போது பெரும்பாலும் இணையத்துக்குப் போகிறவற்றுக்குச் செய்கிறேன். இந்த 1500 என்ற எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எழுதிய கட்டுரைகள் தொடர்ந்து என்னிடம் வருகின்றன. எழுதுகிறவர்கள் விஷயம் தெரிந்தவர்கள், உழைப்பவர்கள். ஒரு எண்ணை எட்டுவதற்காக அவர்களே தங்கள் கட்டுரையைக் கெடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

ஒன்றைச் சொல்கிறேன். பழைய போனில் இருக்கும் படங்களைப் புதிய போனுக்கு மாற்றுவது எப்படி என்று ஒருவர் எழுதியிருந்தார். இதைத் தேடி வருகிறவர் எந்த நிலையில் இருப்பார்? பழைய போனில் சார்ஜ் நிற்கவில்லை, திரையில் பாதி தெரியவில்லை, இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று அவருக்கே தெரியாது. குழந்தையின் படங்கள் முழுக்க அதில்தான் இருக்கின்றன. இந்தப் பதற்றத்தோடு வந்தவருக்குக் கட்டுரையின் முதல் பத்தி, நவீன வாழ்க்கையில் கைபேசியின் இடம் என்ன என்று விளக்குகிறது. இரண்டாவது பத்தியில் 1973-இல் கையடக்கத் தொலைபேசியில் முதல் அழைப்பு செய்யப்பட்ட வரலாறு வருகிறது. மூன்றாவது பத்தி நினைவுகள் விலைமதிப்பற்றவை என்கிறது. அதன்பின் படங்களைச் சேமிப்பதன் நன்மைகள். அவர் தேடி வந்த முதல் படி ஏழாவது பத்தியில் இருந்தது. கடைசியில் 'முடிவுரை' என்று போட்டு, சொன்னதையெல்லாம் இன்னொரு முறை சொல்லியிருந்தார்.

எனக்கு அதைவிடப் பெரிய குறையாகத் தெரிந்தது வேறு. அவ்வளவு நீளமான கட்டுரையில், வந்தவருக்கு உண்மையில் தேவையான சில விஷயங்கள் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கலாம், அதையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று இல்லை. மேகச் சேமிப்பில் ஏற்றும்போது படம் முழு அளவில் போகிறதா, சுருக்கிப் போகிறதா என்று போனின் செட்டிங்ஸில் பார்க்க வேண்டும் என்று இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய போனில் படங்கள் திறக்கின்றனவா என்று சிலவற்றையாவது தட்டிப் பார்த்த பிறகுதான் பழைய போனை அழிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை இல்லை. நான் வெட்ட வேண்டியதை வெட்டி, சேர்க்க வேண்டியதை அவரிடமே கேட்டு வாங்கிச் சேர்த்தபோது சுமார் 500 சொல் வந்தது. முன்பு இருந்ததைவிட அதில் விஷயம் அதிகம். எண்ணை எட்டிவிட்டோம் என்ற நிம்மதி வந்தவுடன், இன்னும் என்ன சொல்லாமல் விட்டோம் என்று யோசிப்பதையே எழுதுகிறவர் நிறுத்திவிடுகிறார். இந்த விதியின் முதல் கெடுதல் அதுதான்.

சரி, இந்த எண் எங்கிருந்து வந்தது? தேடுபொறிகளைப் பற்றி ஆராயும் பேக்லிங்கோ என்ற தளம் 2016-இல் கூகுள் தேடல் முடிவுகளை அலசி, முதல் பக்கத்தில் வரும் பக்கங்களின் சராசரி நீளம் 1890 சொல் என்றது. 2020-இல் மறுபடியும் அலசியபோது சராசரி 1447 ஆனது. 1500 என்று இன்று பலரும் சொல்வது இப்படிப்பட்ட கணக்குகளைச் சுற்றித்தான். முதல் பக்கத்தில் வருகிறவை சராசரியாக இவ்வளவு நீளம் என்பது ஒரு செய்தி. இவ்வளவு நீளமாக இருப்பதால்தான் முதல் பக்கத்தில் வந்தன என்பது முற்றிலும் வேறு செய்தி. ஒரு விஷயத்தை ஆழமாகத் தெரிந்து எழுதியவரின் கட்டுரை நீளமாக அமைவது இயல்பு. அதை நான்கு பேர் நம்பி மேற்கோள் காட்டுவதும் இயல்பு. அந்த ஆழத்தை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் நகல் எடுத்தால் என்ன கிடைக்கும்? கூகுள் நிறுவனமே எழுதுகிறவர்களுக்கான தன் வழிகாட்டியில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறது. கூகுளுக்குப் பிடித்த சொல் எண்ணிக்கை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதற்காக எழுதுகிறீர்களா என்று கேட்டுவிட்டு, அப்படி எங்களுக்கு எதுவும் இல்லை என்று அடைப்புக்குறிக்குள் பதிலும் சொல்லியிருக்கிறார்கள். யாருடைய கவனத்துக்காக இந்த எண்ணை வைத்தோமோ, அவர்களே வேண்டாம் என்கிறார்கள்.

'ஏழு நிமிடம்' என்று இன்னொரு எண்ணும் அடிக்கடி காதில் விழுகிறது. யாரும் கட்டுரை எழுதி வெளியிடக்கூடிய மீடியம் என்ற தளம் 2013-இல் தன் வாசகர்களின் தரவைப் பார்த்து, மொத்த வாசிப்பு நேரம் அதிகம் கிடைப்பது ஏழு நிமிடக் கட்டுரைகளுக்கு என்று எழுதியது. அதே இடத்தில், நல்ல கட்டுரை எந்த நீளத்திலும் வாசிக்கப்படும், மோசமான கட்டுரையை இழுத்தால் அது நல்லதாகிவிடாது என்றும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள். இந்தப் பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்த எண்கள் எல்லாம் ஆங்கிலத்தில் பிறந்து ஆங்கிலத்தில் பரவியவை என்பதையும் உங்கள் குறிப்பு கணக்கில் எடுக்கவில்லை. தமிழில் வேற்றுமை உருபு, காலம், எண், எதிர்மறை எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாகப் பிரிந்து நிற்பது தமிழில் ஒரே சொல்லாக நிற்கும். ஆகவே தமிழில் 1500 சொல் என்பது ஆங்கிலத்தின் 1500-ஐ விடக் கணிசமாகப் பெரிய கட்டுரை. போதாததற்கு, நமக்குள் இடைவெளி விடுவதில் ஒரே வழக்கம் கிடையாது. 'செய்துகொண்டிருக்கிறார்கள்' என்று ஒருவர் சேர்த்து எழுதுவதை இன்னொருவர் 'செய்து கொண்டிருக்கிறார்கள்' என்று பிரிப்பார். ஒரே கட்டுரையை இரண்டு பேர் தட்டச்சு செய்தால் இரண்டு எண்ணிக்கை வரும். இதை வைத்து ஒரு கட்டுரையை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வது எப்படி நியாயம்?

இவ்வளவும் சொன்னதால் நான் சிறிய கட்டுரைகளின் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். நீட்டுவதைவிடச் சுருக்குவது சில நேரம் ஆபத்தானது. வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்ப்பது பற்றி ஒருவர் கவனமாக எழுதிய கட்டுரை ஒன்றை நான் செப்பனிட்டுக் கொடுத்தேன். அதை வெளியிட்டவர்கள், இப்போது யாரும் நீளமாகப் படிப்பதில்லை என்று சொல்லி 300 சொல்லுக்குக் குறைத்துவிட்டார்கள். உயர் ரத்த அழுத்தம் ஓசையில்லாமல் கொல்லும் நோய் என்ற முன்னுரை அப்படியே இருந்தது. கருவியைச் சரியாகப் பொருத்தி அளவு எடுங்கள் என்ற ஒரு வரியும் இருந்தது. போனது எது தெரியுமா? அளவு எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது. கை இதயத்தின் மட்டத்தில் ஏதாவது ஒன்றின் மேல் தாங்கலாக இருக்க வேண்டும். கருவியின் பட்டையைச் சட்டைக் கையின் மேல் கட்டாமல் வெறும் தோலின் மேல் கட்ட வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை அளந்து, இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கட்டுரையே இவைதான். இதில் ஒவ்வொன்றும் வரும் எண்ணை மாற்றக்கூடியது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவதா, குறைப்பதா என்று தீர்மானிப்பார். 300 சொல்லில் அடக்கியே தீர வேண்டும் என்றால்கூட முன்னுரையை எடுத்துவிட்டு இவற்றை வைத்திருக்கலாம். ஆனால் எண்ணுக்காக வெட்டும்போது கை எப்போதும் விவரங்களின் மேல்தான் போகிறது. பொதுவாகச் சொல்லும் வரிகள் முக்கியமானவை போல் தோற்றமளிக்கின்றன, விவரங்கள் உதிரியாகத் தெரிகின்றன. எழுதியவர் தொலைபேசியில் பேசியபோது அவர் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பத்தைச் சொல்கிறது. முதலில் நிற்பது குன்றக் கூறல். அதற்கு அடுத்தது மிகைபடக் கூறல். தேவைக்குக் குறைவாகச் சொல்வதையும் அதிகமாகச் சொல்வதையும் பவணந்தி முனிவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது, ஒன்றிலிருந்து தப்பிக்கப் போய் இன்னொன்றில் விழுவோம் என்று தெரிந்துதான் என்று நான் நினைத்துக்கொள்வேன். கூறியது கூறல், பொருளில்லாமல் சொற்களை அடுக்கும் வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், போகப் போக வலுவிழந்து முடியும் சென்று தேய்ந்து இறுதல் என்று அந்தப் பட்டியல் போகிறது. இன்றைக்கு 1500 சொல்லுக்காக இழுத்த எந்தக் கட்டுரையையும் எடுத்து வைத்துப் பாருங்கள், இந்த நான்கும் அதில் இருக்கும். அதே நூல் பத்து அழகுகளையும் சொல்கிறது. 'சுருங்கச் சொல்லல்' என்பதை எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள். அதற்கு அடுத்ததாக இருக்கும் 'விளங்க வைத்தல்' என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு கட்டுரைக்கு அளவு கிடைக்கிறது.

அப்படியானால் அளவை எப்படித் தீர்மானிப்பது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. எழுத உட்காரும் முன், படிக்கப் போகிறவர் என்ன கேள்வியோடு வருகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். எழுதும் தலைப்பை எழுதினால் போதாது, அவர் வாயால் கேட்கும் கேள்வியாக இருக்க வேண்டும். 'முதன்முதலாக நெடுந்தூரம் ஓடிப் பழக நினைக்கிறேன், முதல் மாதம் என்ன செய்ய வேண்டும்?' என்பது ஒரு கேள்வி. 'நெடுந்தூர ஓட்டம்' என்பது கேள்வி இல்லை, அதற்கு முடிவே கிடையாது. கேள்வி தெளிவாக இருந்தால், எங்கே நிறுத்த வேண்டும் என்பது எழுதும்போதே தெரியும். கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது, அடுத்து அவர் எழுந்து போய்ச் செய்ய வேண்டியதுதான் பாக்கி என்ற இடம் வரும். அங்கே நிறுத்தினால் போதும்.

அந்த ஓட்டப் பயிற்சிக் கட்டுரை எனக்கு வந்தபோது, பாதி பயிற்சியைப் பற்றியும் பாதி காலணி வாங்குவதைப் பற்றியும் இருந்தது. இரண்டுமே நன்றாகத்தான் எழுதப்பட்டிருந்தன. ஆனால் காலணி வாங்கப் போகிறவர் வேறொரு நாளில், வேறொரு கேள்வியோடு வருவார். பின்பாதியைத் தனியே எடுத்து வைத்துப் படித்துப் பார்த்தோம். தனக்குத் தானே நின்றது. அதனால் இரண்டு கட்டுரையாக்கினோம். நீளம் அதிகம் என்று தோன்றும்போதெல்லாம் வெட்ட வேண்டும் என்பதில்லை. இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். பிரித்தால் இரண்டும் நிற்கவில்லை, ஒன்று இல்லாமல் மற்றது புரியவில்லை என்றால், அது உண்மையிலேயே நீளமான கட்டுரை. துணைத்தலைப்பு போட்டு அப்படியே விடுவதுதான் சரி.

படிக்கிறவர் எவ்வளவு தெரிந்தவர் என்பதும் நீளத்தை மாற்றும். புதியவருக்கு ஒவ்வொரு படியும் வேண்டும், பழகியவருக்கு மாறியது மட்டும் போதும். எழுதி முடித்தவுடன் முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படிக்கச் சொல்வேன். பெரும்பாலும் கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.

நீளமானதை இணையத்தில் யாரும் படிப்பதில்லை என்ற பேச்சும் முழு உண்மை இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2016-இல், செய்தித் தளங்களைக் கைபேசியில் படிக்கிறவர்கள் எவ்வளவு நேரம் ஒரு கட்டுரையில் ஈடுபட்டிருக்கிறார்கள் என்று பார்த்தது. 1000 சொல்லுக்கு உட்பட்டவற்றில் சராசரியாக 57 விநாடி, 1000-மும் அதற்கு மேலும் உள்ளவற்றில் 123 விநாடி. நீளமானதற்கு இரண்டு மடங்குக்கு மேல் நேரம் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த 123 விநாடியையும் யோசித்துப் பார்க்க வேண்டும். மார்க் பிரிஸ்பேர்ட் என்ற பெல்ஜிய உளவியல் ஆய்வாளர் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் சொன்ன கணக்குப்படி, பெரியவர்கள் ஆங்கிலக் கட்டுரைகளை மனத்துக்குள் படிக்கும் வேகம் நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொல். 123 விநாடிக்கு அது 500 சொல்கூட வராது. 1000 சொல் உள்ள கட்டுரையில் பாதிக்குள்ளேயே சராசரி வாசகரின் நேரம் தீர்ந்துவிடுகிறது. அதனால் நீளமாக எழுதுகிறவருக்கு ஒரு கடமை கூடுகிறது. முக்கியமான பதிலை முன்பாதியிலேயே வைத்துவிட வேண்டும். அச்சுக்கோத்த காலத்தில் இடம் போதாவிட்டால் செய்தியின் கடைசிப் பத்தியிலிருந்து வெட்டிக்கொண்டு வருவார்கள், அதனால் செய்தியாளர்கள் முக்கியமானதை மேலே வைத்தார்கள். இன்று அந்த வெட்டை வாசகரே தன் விரலால் செய்துகொள்கிறார்.

அதே நேரத்தில் கடைசி வரி வரை படிக்கப்படும் நீண்ட கட்டுரைகளும் இருக்கின்றன. நினைவு மங்கிப்போன தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டதைப் பற்றி ஒரு பெண் எழுதி அனுப்பியிருந்தார். 3000 சொல்லுக்கு மேல். இவ்வளவு யார் படிப்பார்கள், பாதியாக்கித் தாருங்கள் என்று கேட்டார். மாலையானதும் அம்மா ஊருக்குப் போக வேண்டும் என்று கிளம்புவது, அதை மறுத்துப் பேசினால் பயந்துபோவது, சரி, காபி குடித்துவிட்டுப் போகலாம் என்றால் அமைதியாவது, குளிக்க மறுக்கிறவரிடம் 'குளிக்கலாமா' என்று கேட்காமல் துண்டைக் கையில் கொடுத்து நடக்க வைப்பது, சாவியை ஒளித்து வைத்துவிட்டு மகள் திருடிவிட்டாள் என்று சொல்வதைத் தாங்கிக்கொள்வது. எந்தப் பத்தியை எடுப்பது? நான் ஒன்றையும் எடுக்கவில்லை. வீட்டில் அப்படி ஒருவரை வைத்திருப்பவர் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு இதைத் தேடிப் படிப்பார், அவருக்கு இது போதாமல்கூட இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். 1500 என்பதையே எல்லாக் கட்டுரைக்கும் அளவாக எடுத்துக்கொண்டால் இந்தக் கட்டுரை பாதியாகும். அந்தக் கைபேசிப் படக் கட்டுரை மூன்று மடங்காகும். ஒரே விதி இரண்டையும் கெடுக்கிறது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லுக்கு இவ்வளவு என்று எழுதுகிறவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க நான்கு பேரிடம் பேசி, சரிபார்த்து, 600 சொல்லில் தெளிவாக எழுதியவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது. உட்கார்ந்த இடத்தில் 2000 சொல்லை இழுத்தவருக்கு அதிகம் கிடைக்கிறது. எழுத்தை நம்பி வாழ்கிறவர்களை இதற்காக நான் குறை சொல்ல மாட்டேன். இப்படிக் கொடுத்தால் யாராக இருந்தாலும் இழுக்கத்தான் செய்வார்கள். கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசி, அதற்குப் பின்னால் உள்ள வேலையைப் பார்த்துக் கொடுத்தால் இந்தப் பிரச்சினையில் பாதி தானாகவே குறையும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். அச்சுப் பக்கத்தில் இடம் குறைவு, அதற்கு வரம்பு வைப்பது நியாயமானது, அது எல்லோருக்கும் புரியும். ஆனால் இணையப் பதிப்புக்குக் கட்டுரை கேட்கும்போது 'குறைந்தது 1500 சொல்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'வாசகரின் எந்தக் கேள்விக்கு இந்தக் கட்டுரை பதில் சொல்கிறது என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதி இணைக்கவும்' என்று போடுங்கள். அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், எங்கே கூடுதல், எங்கே குறைவு என்று உங்கள் துணையாசிரியர்களுக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டாவது, அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு திருத்தமாவது வெளியிடுங்கள். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, 700 சொல்லில் நன்றாக முடிந்த ஒரு கட்டுரையை இன்று யாராவது இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கடிதத்தை முழுதாகப் போட இடம் இருக்காது என்று தெரியும். குறைக்க வேண்டுமானால் மீடியம் தளத்தைப் பற்றிய பத்தியையும் பேக்லிங்கோ கணக்கையும் எடுத்துவிடலாம், கூகுளின் பதில் மட்டும் இருந்தால் போதும். ரத்த அழுத்தம் பார்க்கும் முறையைச் சொல்லும் பத்தியை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்